டபுள்டெயில் குஞ்சுகளும் அம்மாவின் ரிப்போர்ட்டும்

ஏப்ரல் 30
பெட்டா மீன் ஜோடி முட்டை போட்டாச்சு. ஆண் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரைக்கூட்டில் ஒட்டுகிறது. பெண்ணைத் தனியே எடுத்துவிட்டேன். இரண்டும் கூடப் பிறந்தவை. இவற்றின் தாய் டபுள்டெயில், அதாவது இரட்டை வால்; தகப்பன் ஹாஃப்மூன், அரைவட்டமாக விரியும் ஒற்றை வால். இந்த ஜோடிக்கு வெளியே ஒற்றை வால்தான், உள்ளே டபுள்டெயில் ஜீன் இருக்கிறது.

மே 1
ரிப்போர்ட் திங்கட்கிழமை என்றார்கள்.

மே 2
பொரிந்துவிட்டது. கூட்டிலிருந்து நழுவி விழும் குஞ்சுகளை ஆண் திரும்பத் திரும்ப மேலே கொண்டுபோகிறது. இந்த வெயிலுக்கு ஹீட்டரே வேண்டாம்.

மே 5
ரிப்போர்ட் வரவில்லை. குஞ்சுகள் நேராக நீந்துகின்றன. ஆணை எடுத்துவிட்டு, குஞ்சுகள் தின்ன இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தண்ணீர் ஊற்றினேன்.

மே 6
தூக்கம் இல்லை. முதுகுத் துடுப்பைப் பற்றியே யோசனை. ஹாஃப்மூன் என்றதும் வால் 180 டிகிரி விரிகிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். முதுகுத் துடுப்பு குறுகலாக இருந்தால் அந்த வால் எவ்வளவு விரிந்தும் மீன் நிறைவாக இருக்காது. அங்கேதான் டபுள்டெயில் ரத்தம் வேண்டும். அந்த ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் வால் பிரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வால் ஒன்றுதான், ஆனால் முதுகுத் துடுப்பின் அடி அகலமாகும். எனக்கு வேண்டியது அந்த ஒற்றை வால்காரர்கள். டபுள்டெயிலையே டபுள்டெயிலோடு சேர்த்துக்கொண்டு போனால் கட்டை உடம்பும் வளைந்த முதுகும் வரும். அது பாவம்.

மே 8
ரோஸ்டெயில் வகை பெட்டா கேட்டு ஒருவர் போன் செய்தார். நல்ல விலைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். வால் துடுப்பின் முள் அளவுக்கு மீறிக் கிளை கிளையாகப் பிரிந்து, மடிப்பு மடிப்பாக வால் கனத்துப்போய், மீன் தொட்டித் தரையிலேயே கிடக்கும். சில மீன்கள் தன் வாலைத் தானே கடித்துத் துண்டாக்கும். அதை அழகு என்று விற்க எனக்கு மனசில்லை.

மே 12
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கோரிப்பாளையம் பக்கம் நுழையவே முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போனேன். அம்மா படுத்தபடியே போனில் பார்த்துக் கும்பிட்டாள். குஞ்சுகளுக்கு ஆர்டீமியா, உப்புத் தண்ணீரில் பொரிக்கும் பொடி இறால். வயிறெல்லாம் ஆரஞ்சு.

மே 15
எழுத ஒன்றும் இல்லை.

மே 19
இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். அக்கா வராண்டாவில் நின்று அழுதாள்.
தொட்டியைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டேன். காற்றுக் குடிக்கும் உறுப்பு உருவாகிற சமயம், ஃபேன் காற்று படக்கூடாது.

மே 24
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு குஞ்சுக்கு வால் நடுவில் பிளவு! இன்னொன்றுக்கும் அப்படித்தான் தெரிகிறது. கணக்குப்படி நாலில் ஒன்று, கூடக் குறைய இருக்கலாம். அம்மாவிடம் வீடியோ காட்டினேன். "ரெண்டு வாலை வச்சுக்கிட்டு எப்படிடா நீந்தும்?" என்றாள். நீந்தும்மா.

மே 26
வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள். இனி ராத்திரி நான் அங்கேதான். தம்பிக்கு எழுதி வைக்கணும்: ஆர்டீமியாவுக்குக் கல் உப்பு, ஒரு நாள் முழுக்கக் காற்று ஓடணும், முட்டை ஓடு கலக்காமல் வடிகட்டணும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே. பிளவு வால் குஞ்சுகளைத் தனியே பிரிக்காதே, நான் வந்து