எண்ணெய்க் கப்பல் கொண்டுவரும் தண்ணீர்

மலேசியாவில் பந்திங் பக்கத் தோட்டங்களில் வெட்டும் செம்பனைக் குலை ஆலையில் எண்ணெயாகி, லோரியில் கிள்ளான் துறைமுகம் போகிறது. அதை ஏற்ற வரும் கப்பல், சரக்கில்லாத நேரத்தில் நிலைகுலையாமல் இருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். எண்ணெய் ஏற ஏற அந்த நீர் நம் கடலில் இறங்கும். லோரி ஓட்டும் அப்பாதான் முதலில் சொன்னார்: "காலியா வருதுன்னு நினைக்காதம்மா, வயிறு நிறைய தண்ணியோடதான் வருது."

அந்த நீரில் வரும் உயிரினம் இங்கேயே தங்கிவிடும் ஆபத்து எவ்வளவு? இதைத்தான் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் அது எந்த ஊர்த் தண்ணீர் என்று தெரிய வேண்டும். கடைசியாக நின்ற துறைமுகத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஒவ்வொரு தொட்டியையும் வெவ்வேறு இடத்தில் நிரப்பியிருப்பார்கள். நடுக்கடலில் நீரை மாற்றினார்களா என்பதையும் தொட்டிவாரியாகத்தான் பார்க்க வேண்டும். அதிக நேரம் இந்தப் பதிவேடுகளிலேயே போனது.

அப்புறம் இரு துறைமுகங்களின் வெப்பமும் உப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற ஒப்பீடு. குளிர்நாட்டு உயிரினங்களில் பல இந்த வெப்பத்தைத் தாங்காது. எனக்குக் கவலை தந்தது சென்னை, எண்ணூர்ப் பக்கத்து நீர். அங்கே கொசஸ்தலை ஆற்றில் காக்கா ஆழி என்ற சிப்பி படர்ந்து, இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பியைச் சிங்கப்பூரில் 2016-லேயே கண்டார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும் கிள்ளான் ஆற்றுமுகம் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். வங்காள விரிகுடாவைக் கடக்கச் சில நாட்கள் போதும். அதற்குள் அதன் குஞ்சுகள் செத்துவிடும் என்று நம்ப முடியாது. கோலசிலாங்கூர் சேற்றில் கெராங் என்ற சிப்பி எடுத்துப் பிழைப்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. இந்த வழித்தடத்துக்கு 'அதிக ஆபத்து' என்றே எழுதினேன்.

"கப்பலில் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறதே?" என்று ஆய்வுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தத் தொட்டிநீர் பற்றி 2017-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின் தரப்படி, வெளியேற்றும் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிரினங்கள் ஒரு கன மீட்டருக்கு 10-க்கும் குறைவாகவே உயிருடன் இருக்கலாம். ஆனால் ஆற்றுமுகத்துச் சேற்றுநீரை ஏற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், உயிரினங்களைக் கொல்லும் புற ஊதாக்கதிர் சரியாக ஊடுருவாது. அதனால் கருவி இருக்கிறது என்பதற்காக மட்டும் வழித்தடத்தின் ஆபத்து மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. நீர் ஏற்றிய இடத்தின் கலங்கலையும் சேர்த்துக் கணக்கிட்டேன்.

இந்த வேலையைத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். உப்பு அளவைக் கடல் வற்றத்திலும் எடுங்கள், பெருக்கத்திலும் எடுங்கள், பெருமழைக்கு மறுநாளும் எடுங்கள். ஆண்டுச் சராசரியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஆற்றுமுகத் துறைமுகத்தின் உண்மை நிலை தெரியாது.