மேட்டில் பழகிய கால்களுக்குச் சமதளப் பயிற்சி

பெப்ரவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இலங்கையின் மேற்குக் கரையோரத்தில் நான் கலந்துகொள்ளவிருக்கும் ட்ரையத்லன் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன. கடலில் 1.5 கிலோமீற்றர் நீந்தி, கரையேறி 40 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, அதன்பின் 10 கிலோமீற்றர் ஓடி முடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வகுக்கப்பட்டிருந்த தூரங்களும் இவைதான். கடந்த ஆண்டு இதில் சரிபாதித் தூரம் கொண்ட ஒரு போட்டியை முடித்தேன். முழுத் தூரத்துக்கு இதுவே முதல் தடவை.

நான் வசிப்பது ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில். வாசலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் ஏற்றம், மறு பக்கம் இறக்கம். போட்டிக்குத் தயாராகிறேன் என்று சொன்னால் கொழும்பிலுள்ள நண்பர்கள் அனைவரும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: "மலையில் ஓட்டிப் பழகினவங்களுக்குக் கரையோரம் என்ன பெரிய விஷயமா?" நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கடந்த ஜூலை முதல் எழுதிவரும் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது, அந்த நம்பிக்கை பாதிக்குத்தான் சரி என்பதும், மறுபாதியை அறிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன என்பதும் தெளிவாகத் தெரிகின்றன.

நான் பாடசாலை ஆசிரியை. வேலை நாட்களில் அதிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம். சனிக்கிழமைகளில் கண்டியில் நீச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட சைக்கிள் பயணம் என்பதே என் வாராந்த ஒழுங்கு. ஞாயிறுப் பயணம் பெரும்பாலும் கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரை செல்லும். டெவன், சென் கிளெயர் நீர்வீழ்ச்சிகளைக் கடந்து தலவாக்கலையை அடையும்வரை உடம்பு சூடேறுவதற்கான பயணம்தான். அதற்கப்பால் பாதை 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை நோக்கி ஏறிக்கொண்டே போகும். நானுஓயாவை நெருங்கும்போது பல நாட்களில் பனிமூட்டம் பாதையை மூடியிருக்கும். கண்ணிமையில் நீர் கோர்த்து நிற்கும். திரும்பி இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியாமல், சக்கர விளிம்பில் கட்டை உரசும் ஓசையைக் கேட்டுத்தான் வேகத்தைக் கணிக்க வேண்டியிருக்கும். லிந்துலைக்குக் கீழே ஒரு வளைவில் வழமையாகச் சற்று நிற்பேன். அங்கே கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா என்னைக் கண்டதும், "டீச்சர், மழ வருது, சீக்கிரம் எறங்கிப் போங்க" என்பார். மேகத்தைப் பற்றி அவர் சொன்னது ஒருநாளும் பிழைத்ததில்லை.

ஓகஸ்ட் முடியும் தறுவாயில் என் வேகம் குறையத் தொடங்கியது. ஜூலையில் 1 மணி 9 நிமிடத்தில் ஓடிய அதே 10 கிலோமீற்றர் தோட்டப் பாதைக்குச் செப்டெம்பரில் 1 மணி 15 நிமிடம் எடுத்தது. ஏற்றத்தில் மூச்சு முன்னதாகவே வாங்கியது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதே கால்கள் கனத்தன. பாதையின் செங்குத்தும் தென்மேல் பருவமழையின் ஈரமுமே காரணம் என்று முடிவுசெய்து, ஓய்வு எடுப்பதற்குப் பதிலாகப் பயிற்சியைக் கூட்டினேன். அதைவிடத் தவறான முடிவை நான் எடுத்திருக்க முடியாது. ஒக்டோபரில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 10.4 கிராமாக இருந்தது. வயதுவந்த பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்று கொள்ளப்படும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவும் மிகக் கீழே போயிருந்தது.

உயரத்தில் வாழ்பவர்களுக்கு இரத்தம் இயல்பாகவே வளமாக இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. விஞ்ஞானம் கற்பிக்கும் நானே அதைக் கேள்வி கேட்காமல் வைத்திருந்தேன். காற்றில் ஒட்சிசனின் பங்கு கடற்கரையிலும் நுவரெலியாவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். எங்கள் ஊரின் உயரத்தில் அது கடல்மட்டத்தை விட 13 சதவீதமளவு குறைவு, நுவரெலியாவில் 20 சதவீதமளவு குறைவு. சிவப்பணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகுவதற்குப் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும் என்பார்கள். அப்படியே பெருகுவதாயினும், அந்த அணுக்களை ஆக்குவதற்கு உடலில் இரும்பு இருந்தாக வேண்டும். எனக்கு அதுதான் இல்லை.

மருத்துவர் மாத்திரை தந்ததோடு என் சாப்பாட்டு வழக்கத்தையும் விசாரித்தார். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயம் கூடிய தேத்தண்ணீர். பகலில் சோறும் பருப்பும் கீரையும், முடிந்த கையோடு மறுபடி தேத்தண்ணீர். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதற்குமேல் தேயிலையிலுள்ள டனின், ஏறக்கூடியதையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும், மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுக்க வேண்டும் என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அடுப்பருகே கேத்தலைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். "பறிச்ச கைக்கே தேத்தண்ணி ஆகாதா?" என்று கடைசியில் கேட்டார். ஆகாதென்று இல்லை, நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும் என்று விளக்கினேன். மறுநாளிலிருந்து அவரும் அப்படியே செய்கிறார். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை எவ்வளவு சாதாரணமாகக் காணப்படுகிறது என்பதை நினைக்கும்போது, நான் ஓட்டப் பயிற்சி செய்யாதிருந்தால் இந்தச் சோர்வை வேலைக் களைப்பு என்றே கருதி வருடக்கணக்கில் சுமந்திருப்பேனோ என்று தோன்றுகிறது. என்னைப் போலப் பயிற்சி செய்யும் பெண்கள் இதை வாசித்தால், தயவுசெய்து ஒரு தடவை இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். எட்டு வாரங்களில் என் ஈமோகுளோபின் 11.9 ஆனது, இம்மாதம் 12.3. சேமிப்பு நிரம்பும்வரை மாத்திரையைத் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் விடுமுறைக்குக் கொழும்பை அடுத்த வத்தளையில் தங்கை வீட்டுக்குச் சைக்கிளோடு போனேன். உடம்பு தேறியிருந்தது, நுவரெலியா ஏற்றத்தை ஓகஸ்டில் இருந்ததைவிட நன்றாக ஏறிக்கொண்டிருந்தேன். எனவே, போட்டித் தூரமான 40 கிலோமீற்றரைச் சமதளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமென்று அதிகாலையில் நீர்கொழும்புப் பக்கமாக 20 கிலோமீற்றர் போய்த் திரும்பினேன். முதல் அரை மணி நேரம் பறப்பதுபோல இருந்தது. இருபத்தைந்தாவது கிலோமீற்றரில் தொடையின் முன்பக்கம் இறுகத் தொடங்கியது. முப்பதில் இடுப்பும் கழுத்தும் வலித்தன. ஏற்றமே இல்லாத பாதையில், மலையில் ஒருநாளும் வராத வலி வந்தது. 1 மணி 41 நிமிடத்தில் முடித்து இறங்கியபோது, அடுத்து 10 கிலோமீற்றர் ஓடுவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அன்று மத்தியானம் சைக்கிள் மீற்றரில் பதிவாகியிருந்த பழைய ஞாயிறுப் பயணங்களைத் தங்கையின் மேசையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விடை அதிலேயே இருந்தது. நுவரெலியா சென்று திரும்பும் நான்கு மணி நேரப் பயணத்தில் நான் உண்மையில் மிதித்தது இரண்டே முக்கால் மணி நேரம் மட்டுமே. மீதி நேரமெல்லாம் இறக்கத்தில் கால்களை அசைக்காமல் உருண்டு வந்திருக்கிறேன். மலையில் எவ்வளவு கடுமையாக ஏறினாலும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னால் ஓர் இறக்கம் கால்களுக்கு ஓய்வு தருகிறது. சமதளத்தில் அந்த ஓய்வு கிடையாது. ஒன்றரை மணி நேரமும் இடைவிடாமல் மிதித்தாக வேண்டும், அதுவும் கைப்பிடி மேல் குனிந்த ஒரே நிலையில். இன்னொன்றும் தெரிந்தது. ஏற்றத்தில் நான் நிமிடத்துக்கு 55, 60 சுற்றுகள் மட்டுமே மிதிக்கப் பழகியிருந்தேன். சமதளத்திலும் அதே பழக்கத்தில் கனமான கியரைப் போட்டுத் தொடை பலத்தால் தள்ளியிருக்கிறேன். இலகுவான கியரில் 85, 90 சுற்றுகளாக மிதித்திருந்தால் தசைகள் அவ்வளவு சீக்கிரம் களைத்திருக்காது. மலை எனக்குப் பலத்தைத் தந்திருந்தது, இடையறாத உழைப்பைத் தரவில்லை. அதை நானாகத்தான் தேடி உண்டாக்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

ஊர் திரும்பியதும், பின்சக்கரத்தை உருளையில் ஏற்றி வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கும் ட்ரெய்னர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வாரத்துக்கு நான்கு நாட்கள், ஒரு கணமும் காலை நிறுத்தக்கூடாது என்ற ஒரே விதியோடு, 85 சுற்றுக்குக் குறையாமல் மிதித்தேன். முதல் நாள் 20 நிமிடம். மூன்றாவது வாரத்தில் 75 நிமிடம். ட்ரெய்னர் இருந்த அறை, கரையோர வெப்பத்துக்கு உடம்பைப் பழக்கவும் உதவியது. ஜனவரியில் இங்கே விடிகாலைக் குளிர் 12 பாகை வரை இறங்குகிறது. போட்டி நடக்கும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கே 30 பாகையை நெருங்கும், காற்றில் ஈரமும் அதிகம். ஆகவே யன்னல்களைச் சாத்தி, கம்பளிச் சட்டை அணிந்து, அருகில் ஒருவர் இருக்கும்போது மட்டும் மிதித்தேன். வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் போதும் என்பது விளையாட்டு உடலியலில் நிலைபெற்ற செய்தி. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் சுரக்கும், அதே உழைப்புக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். மிதிப்பதற்கு முன்னும் பின்னும் என் எடையைப் பார்த்துக் குறித்தேன். கடைசி நாட்களில் ஒரு மணி நேரத்தில் 52.4 கிலோ 51.6 ஆனது, இடையில் குடித்த 400 மில்லிலீற்றரையும் சேர்த்தால் 1.2 லீற்றர் வியர்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் அது 800 மில்லிலீற்றரைத் தாண்டவில்லை. இந்தப் பழக்கம் விட்டால் சில வாரங்களில் போய்விடும் என்பதால், போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களிலும் மறுபடி செய்யவேண்டும்.

தைப்பொங்கலுக்கு மீண்டும் வத்தளை சென்றபோது அதே பாதையில், அதே நேரத்தில் ஓட்டினேன். 1 மணி 33 நிமிடம். சராசரி இதயத்துடிப்பு டிசம்பரில் 158 ஆக இருந்தது, இம்முறை 149. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சப்பாத்தை மாற்றி, உடனேயே 3 கிலோமீற்றர் ஓடினேன். முதல் 600 மீற்றரில் கால்கள் என்னுடையவை போலவே இல்லை, பின்னர் சீராகின. தங்கை வாசலில் பொங்கல் பானையை இறக்குவதற்குள் திரும்பிவிட்டேன்.

நீச்சலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 34 வயதில்தான் நீந்தக் கற்றேன், இப்போது 38. காசல்ரீயும் மவுசாக்கலையும் இவ்வளவு அருகில் இருக்கும்போது கண்டிக்கு ஏன் போகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். அந்த நீர்த்தேக்கங்களில் நான் இறங்குவதில்லை, இறங்க வேண்டாம் என்றே மாணவர்களுக்கும் சொல்கிறேன். மின் உற்பத்திக்காக நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் திடீரென விழும். மவுசாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது, நீர் வற்றும் காலத்தில் அங்கிருந்த கோயிலின் சிதைவுகள் மேலே தெரியும். எனவே 25 மீற்றர் தடாகத்தில் 30 தடவை போய் வருவதே என் வழி. ஜூலையில் 1,500 மீற்றருக்கு 44 நிமிடம் எடுத்தது. தலையை முன்னோக்கித் தூக்கி நீந்தியதால் கால்கள் தாழ்ந்து இழுபட்டன என்பதைப் பயிற்றுநர் காட்டிய பின், தடாகத்தின் அடித்தளத்தைப் பார்த்து நீந்தப் பழகி, இப்போது 37 நிமிடத்தில் முடிக்கிறேன். கடல் வேறு. டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் என்றாலும், அடியில் கோடு கிடையாது. எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையுயர்த்தி அடையாளம் பார்க்காவிட்டால் நீரோட்டம் பக்கமாக இழுத்துவிடுகிறது. உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், தங்கையின் கணவர் பார்த்திருக்க, நான்கு தடவைதான் நீந்தியிருக்கிறேன். அது போதாது.

தோட்டப் பாதையில் 10 கிலோமீற்றருக்குக் கடந்த செவ்வாய்க்கிழமை 1 மணி 3 நிமிடம் எடுத்தது. நோர்வூட் மைதானத்தைச் சுற்றி ஓடிய அதே தூரத்துக்கு 58 நிமிடம். ஆனால் மேடும் புல்தரையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவை அல்ல என்பதால், தோட்டப் பாதையின் கணக்கையே நான் நம்புகிறேன்.

மீதமுள்ள ஐந்து வாரங்களில் நுவரெலியா ஏற்றத்தை இரண்டு ஞாயிறுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மற்ற ஞாயிறுகளில் ட்ரெய்னரில் 90 நிமிடம், இறங்கியவுடன் 4 கிலோமீற்றர் ஓட்டம். கடல் நீச்சலுக்காக இரண்டு வாரஇறுதிகளில் கரைக்கு இறங்குவேன். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைப்பேன். நாளை சனிக்கிழமை. கண்டி பேருந்து நாலே முக்காலுக்குப் புறப்படும். நீச்சல் உடுப்பும் கண்ணாடியும் பையில் இருக்கின்றன. அம்மா ரொட்டியைச் சுற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணீர்ப் போத்தலைத் தனியாக, "ஏழு மணிக்கு அப்புறம்" என்று சொல்லித் தந்திருக்கிறார்.