பட்டம் முடித்தவர்கள் சதவீதத்தில் யார் யார் இல்லை?

அமெரிக்காவில் பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரியில், சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பலர் முதலில் தேடுவது பட்டம் முடித்தவர்களின் சதவீதத்தைத்தான். முப்பது என்று இருந்துவிட்டால், "நூறில் எழுபது பேர் பாதியில் ஓடிவிடும் இடமா?" என்று அந்தக் கல்லூரியை அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த எண் அப்படிச் சொல்லவே இல்லை.

முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் உண்டு. அவர்கள் இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தார்களா என்று பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேர மாணவர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் இரண்டே வகுப்பு எடுக்கும் ஒரு தாய் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்தச் சதவீதத்துக்குள் வரமாட்டார். பட்டம் வாங்குவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவரும் முடித்தவராகக் கணக்கில் சேர மாட்டார், டிரான்ஸ்ஃபர் என்று தனியாகத்தான் காட்டுவார்கள். முடித்தவர்கள், மாறிப் போனவர்கள் இரண்டு சதவீதத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

சேர்க்கை எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். நாடு முழுக்கப் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜ் மாணவர் என்று கணக்கில் வருபவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இன்னும் ஹைஸ்கூலில் இருந்துகொண்டே வகுப்பு எடுப்பவர்.

செலவுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012லிருந்து ஏறவில்லை. 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர்தான். வாடகை, புத்தகம், போக்குவரத்து எல்லாம் அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அப்புறம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதே யூனிட் பல மடங்கு அதிகம். மாணவர்களை இனவாரியாகக் காட்டும் பன்முகத்தன்மைப் பட்டியலிலும் அவர்கள் ஆசியர் என்ற கட்டத்தில் இருக்க மாட்டார்கள், வெளிநாட்டு மாணவர்கள் என்று தனிக் கட்டம். அந்தப் பட்டியலைவிட முக்கியமானது, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பது. அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் அது பிரித்தே கிடைக்கிறது. கறுப்பின, லத்தீன் மாணவர்களை நிறையச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் முடிக்கிறார்களா என்று கவனிக்காத கல்லூரியை நான் நல்ல கல்லூரி என்று சொல்ல மாட்டேன்.

சரி, எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007இல் ஆரம்பித்த ஏசாப் (ASAP) திட்டத்தில் பஸ், ரயிலுக்கு இலவச மெட்ரோ கார்டு, பாடப்புத்தகம், கூடவே நின்று வழிகாட்டும் அட்வைசர் எல்லாம் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் அந்தத் திட்டத்தில் 40 சதவீதம், மற்றவர்களில் 22. அந்த ஆய்வு நடந்தபோது திட்டத்தில் ஓர் அட்வைசருக்கு 60 முதல் 80 மாணவர்கள் இருந்தார்கள். திட்டத்துக்கு வெளியே 600 முதல் 1,500 வரை. எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் ஃபோன் போட்டு, ஓர் அட்வைசருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள்.