எலிக்குப் படிக்கத் தெரியுமா, டீச்சர்?

மயிலாப்பூரில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கொடி' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். ஒற்றைக்கொம்பைப் பார்த்து "கெ" என்றான். அப்புறம் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டு "கெரடி" என்றான். விரல் அந்த எழுத்தின் மேலேயே அழுந்திக் கிடந்தது. 'சோம்பேறி' என்று பள்ளியில் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். "நான்தான் சரியா வளர்க்கலையோ டீச்சர்?" என்று அவன் அம்மா கண்கலங்கினார்.

அவரிடம் எலிகளைப் பற்றிச் சொன்னேன்.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருந்து இறந்துபோன சிலரின் மூளையை பாஸ்டனில் நரம்பியல் மருத்துவர் ஆல்பர்ட் கலபர்டாவின் குழுவினர் ஆராய்ந்து, 1979லும் 1985லும் எழுதினார்கள். மொழிக்கான இடப்பக்கப் பகுதிகளில் நரம்பணுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாக இடம் மாறிக் கிடந்தன. கருவிலேயே நடந்துபோன விஷயம் அது. வாசிப்புச் சிக்கலுக்கு அதுதான் காரணமா என்று மனிதரிடம் சோதிக்க முடியாது. அதனால் பிறந்த எலிக்குட்டியின் மண்டையோட்டில் உறைகுளிர் முனையைச் சில விநாடி வைத்து, அதையொத்த கோளாறை உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்தக் குட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு சங்கடப்படுகிறது. வளர்ந்த ஆண் எலிகள், அடுத்தடுத்து வேகமாக வந்த ஒலிகளைப் பிரித்தறியத் திணறின. அதே ஒலிகள் நிதானமாக வந்தபோது சமாளித்தன.

"எலிக்குப் படிக்கத் தெரியுமா, டீச்சர்?" என்று பையனின் அப்பா கேட்டார். சரியான கேள்வி. தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்து ஓர் ஒலி என்பதை எந்த எலியும் நமக்கு விளக்காது. எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஒலிச் சிக்கல் இருப்பதுமில்லை. டிஸ்லெக்சியாவோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் டிசிடிசி2 என்ற மரபணுவை எலிக் கருவில் வேலை செய்யாமல் அடக்கியபோது நரம்பணுக்கள் போகும் வழியில் தேங்கின. அதையே அடியோடு நீக்கிய சுண்டெலிகளிலோ அவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. இதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால், பிறக்கும் முன்பே மூளையில் நடப்பதற்கு வளர்ப்பைக் குறை சொல்ல முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு 'கொ'வை ஒரே அட்டையில், கொம்பும் காலும் சிவப்பாகத் தெரியும்படி எழுதிக் கொடுத்தேன். கொம்பில் ஒரு விரல், காலில் ஒரு விரல் வைத்துக்கொண்டு, மெதுவாக "கொ" என்றான். அம்மா டைரியை மூடிப் பைக்குள் வைத்தார்.