வோவா, வீவ்டா?

நெய்வதைச் சொல்லும் ‘வீவ்’ என்ற ஆங்கில வினைக்கு இறந்தகாலம் ‘வோவ்’, அதற்கடுத்தது ‘வோவன்’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு நம்மில் பலர் நிறுத்திக்கொண்டோம். திருப்பூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு வோவன் தினமும் காதில் விழுகிற சொல். தறியில் நெய்த சட்டைத்துணி வோவன், மெஷினில் பின்னிய பனியன் துணி நிட்டட், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் ‘வீவ்டு’ என்றும் ஒன்று உண்டு, அது தப்பே இல்லை.

எங்கள் அண்ணன் மகள் ஏழாவது படிக்கிறாள். பெருந்துறை ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து புகுந்து போன ஒரு பைக்கைப் பற்றி எழுதும்போது வீவ்டு என்று போட்டிருக்கிறாள், டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்து மேலே வோவ் என்று எழுதி அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டார். “டிக்சனரில இருக்குதுங்க சித்தப்பா, சொன்னா டீச்சர் கேக்க மாட்டேங்கறாங்க” என்று ஒரே புலம்பல். நீ எழுதினதுதான் கண்ணு சரி என்றேன்.

விஷயம் என்னவென்றால், இவை இரண்டு தனித்தனி வினைகள். துணி நெய்கிற வீவ் பழைய ஆங்கிலத்திலிருந்தே இருப்பது. ஸ்பீக் – ஸ்போக் மாதிரி உள்ளே இருக்கிற உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு இறந்தகாலம் ஆகிற கூட்டம். வெப் (வலை), வெஃப்ட் (ஊடை நூல்) எல்லாம் அதன் பங்காளிகள். வெப்ஸ்டர் என்றாலே நெசவாளர்தான், 1828-இல் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்ட நோவா வெப்ஸ்டரின் பெயருக்குள்ளேயே தறிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்! வண்டிகளுக்கு நடுவே நெளிந்து போகிற வீவ் வேறு வழியில், வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டதால் வந்த குழப்பம் இது. ஆகவே பெட்ஷீட் நெய்தால் வோவ், கதை பின்னினாலும் வோவ், டிராஃபிக்கில் நெளிந்தால் வழக்கமாக வீவ்டு.

நமக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? சென்னிமலையில் ஒரு தறிக்காரரிடம் கேட்டால் “நேத்து ரெண்டு பெட்ஷீட் நெஞ்சனுங்க” என்பார், அதையே எழுதச் சொன்னால் ‘நெய்தேன்’ என்றுதான் எழுதுவார். செய்தேன் – செஞ்சேன், பெய்தது – பேஞ்சுது, எல்லாம் இந்த வகைதான். இதற்காக யாரும் யாருக்கும் மார்க் குறைப்பதில்லை.

பின்னுவதைச் சொல்லும் நிட் கதை இதைவிடச் சுலபம். நிட், நிட்டட் இரண்டுமே இறந்தகாலத்துக்குச் செல்லும். ஸ்வெட்டர் பின்னியதைச் சொல்ல நிட்டட் அதிகம் வரும். புருவம் சுருக்கினால், முறிந்த எலும்பு கூடினால், ஒட்டி உறவாடும் குடும்பத்தைச் சொன்னால் நிட். துணி ஆர்டர் கொடுக்கிற பையருக்கு மெயில் அடிக்கும்போது மட்டும் நான் இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்வதில்லை, அவர் ஆர்டர் ஷீட்டில் எப்படிப் போட்டிருக்கிறாரோ அப்படியே போட்டுவிடுவேன், சாம்பிள் அப்ரூவல் சீக்கிரம் வந்தால் போதும்.