ஒட்டி வைத்த பக்கம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவியானவர் அக்கினி நாக்குகள் போலச் சீஷர்கள்மேல் இறங்கின திருநாள். பரிசுத்த ஆவியானவரைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் அட்டைப் பெட்டியை வைத்திருந்தேன். பதினோரு சீட்டுகள் விழுந்திருந்தன. "அவர் ஏன் புறாவாக வந்தார்?" என்று மூன்று பேர். "அக்கினி நாக்கு தலைமுடியை எரிக்காதா?" என்று ஒரு வாலு.

ஒரு சீட்டு மட்டும் எட்டாக மடித்திருந்தது. பிரித்துப் படித்தேன். "மனசுக்குள்ள ஆவியானவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல. தானா வந்துச்சு. இனிமே நான் ஜெபம் பண்ணலாமா?" கடைசி வார்த்தையை முதலில் வேறு மாதிரி எழுதி, பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அடித்திருக்கிறாள்.

பெயர் இல்லைதான். ஆனால் 'ஜெ'வின் கொம்பை அப்படிச் சுழித்து எழுதுகிறவள் என் வகுப்பில் ஒருத்திதான். பதின்மூன்று வயது. சில வாரங்களாகவே பாட்டு நேரத்தில் அவள் உதடு பாட்டோடு சேராமல் தனியாக அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

ஏன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அதே உதடு எனக்கும் இருந்தது.

பதினான்கு வயதில் ஒரு வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். கடைசி நாள் இரவு வந்த பிரசங்கியார் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, மன்னிக்கவே படாத ஒரு பாவம் இருக்கிறது, அதை உங்களில் சிலர் ஏற்கெனவே செய்திருக்கலாம் என்றார். பரிசுத்த ஆவியானவரைத் தூஷிப்பது, அதாவது இழிவாகப் பேசுவதுதான் அது என்று சொன்னாரே தவிர, எந்தச் சம்பவத்தில் அந்த வார்த்தை சொல்லப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. அன்று இரவு படுக்கையில், "அப்படி ஒரு வார்த்தை நமக்கு வந்துவிடக் கூடாது" என்று நினைத்தேன். அவ்வளவுதான், வந்துவிட்டது. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்ற கதைதான்.

அப்புறம் இரண்டு வருஷம். ஒவ்வொரு முறை வரும்போதும் "மன்னியும்" என்று ஏழு தரம் சொல்வேன். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. மாற்கு 3ஆம் அதிகாரம் கண்ணில் படவே கூடாது என்று என் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "நீயா, செய்துவிட்டாயா?" என்று கேட்பார்களோ என்ற பயம்.

அந்த வேதாகமம் இன்னும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

எடுத்தேன். ஒட்டின இடம் பழுப்பேறி மொறமொறவென்று இருந்தது. பிளேடின் முனையை ஓரத்தில் செருகி மெதுவாக நெம்பினேன். வேதாகமத் தாள் வெங்காயச் சருகு மாதிரி. பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு இந்தப் பக்கத்து எழுத்துகள் சில அந்தப் பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டன. முக்கால் மணி நேரம் ஆனது.

ஆவியானவரைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பே இல்லை என்கிற 29ஆம் வசனத்துக்குப் பயந்து ஒட்டினேன். அதற்கு முந்தின 28ஆம் வசனமும் கூடவே உள்ளே போய்விட்டது என்பது அன்று உறைக்கவில்லை. மனுஷர் செய்கிற எல்லாப் பாவங்களும், அவர்கள் தூஷிக்கும் எந்தத் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்பதுதான் அது. 'எந்தத் தூஷணங்களும்' என்று இருக்கிறது. விதிவிலக்கை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கு விதி என்ன என்றே தெரிந்திருக்கவில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், இதே எச்சரிக்கை மத்தேயு 12இலும் லூக்கா 12இலும் இருக்கிறது. அவற்றை ஒட்ட மறந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

இன்று அந்த அதிகாரத்தை ஒரு கதையைப் படிப்பது போல முதலிலிருந்து படித்தேன். கூட்டம் நெருக்குகிறது, சாப்பிடக்கூட நேரமில்லை. 21ஆம் வசனத்தில் இயேசுவின் சொந்த இனத்தாரே, அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். பைத்தியம் என்கிறார்கள், வேறென்ன! அவர்களைப் பார்த்து மன்னிப்பு இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்த வசனத்தில் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர். இவர்கள் கூட்டத்தில் கத்துகிறவர்கள் அல்ல; படித்தவர்கள், தீர்ப்புச் சொல்லும் தகுதி உள்ளவர்கள். பிசாசு பிடித்தவர்கள் விடுதலையாவதை அவர்கள் மறுக்கவில்லை. நடந்தது உண்மைதான், ஆனால் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலைக் கொண்டு செய்கிறான் என்கிறார்கள். மத்தேயுவில் இன்னும் அப்பட்டம்: பேச்சும் பார்வையும் இல்லாதிருந்த ஒருவன் அப்போதுதான் பேசுகிறான், பார்க்கிறான். அவன் எதிரிலேயே நின்றுகொண்டு, இது சாத்தானின் வேலை என்று பரிசேயர் சொல்கிறார்கள்.

ஆக அது வாய் தவறி வந்த வார்த்தை அல்ல. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் என்று தெரிந்தே அதற்கு இருட்டு என்று பெயர் வைப்பது. மற்றவர்களும் அப்படியே நம்ப வேண்டும் என்று அதை ஊருக்குச் சொல்வது. 30ஆம் வசனத்தில் மாற்கு காரணத்தையும் எழுதிவிடுகிறார்: அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே இப்படிச் சொன்னார். கிரேக்கத்தில் அந்த வினை 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்ற தொனியில் இருக்கிறது. தமிழில் 'சொன்ன' என்று வந்ததும் ஒரே ஒரு தரம் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் 29ஆம் வசனம் நித்திய ஆக்கினை என்று முடிகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது தீராத பாவம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருப்பதும் பாவம் என்ற சொல்தான். ஆக்கினை என்றால் வெளியிலிருந்து ஒருவர் போடுகிற தண்டனை. தீராத பாவம் என்றால் விடாமல் செய்துகொண்டே இருப்பது என்று எனக்குப் படுகிறது. அறிஞர்கள் என் காதைத் திருகலாம்.

ஜூன் 5, வியாழன்

யாரை மன்னிப்பது என்பதில் சபை சரித்திரம் தடுமாறின கதை கொஞ்சமல்ல. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்று வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டான். எகிப்தின் மணலில் அந்தச் சான்றுச் சீட்டுகள் சில இன்றும் கிடைத்திருக்கின்றன. உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். லஞ்சம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினவர்களும் உண்டு. அலை ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்ப்பதா, வேண்டாமா?

ரோமில் நோவாசியன் என்பவர், சபைக்கு அவர்களை மன்னிக்க அதிகாரமே இல்லை என்று 251இல் தனியாகப் பிரிந்துபோனார். கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியான் நடுவழி பிடித்தார்: தவம் செய்யட்டும், பிறகு சேர்ப்போம். 325இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் (இந்த வருஷம் அதற்கு 1700 ஆண்டு), பின்னாளில் வந்த வேறொரு துன்பக் காலத்தில் கட்டாயமே இல்லாமல் மறுதலித்தவர்களுக்குக்கூட ஒரு வழி வைத்தது. 3 ஆண்டு கேட்போராக, 7 ஆண்டு விழுந்து பணிவோராக, 2 ஆண்டு திருவிருந்து இல்லாமல் ஜெபத்தில் மட்டும். மொத்தம் 12 ஆண்டு. கடுமைதான். ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. நோவாசியன் கூட்டத்தார் திரும்பி வந்தால், விழுந்தவர்களோடு ஐக்கியமாக இருக்க ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சங்கம் எழுதி வாங்கச் சொன்னது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஜூன் 6, வெள்ளி

தூக்கம் வராமல் இரண்டு சிநேகிதர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல் தலைவனாக இருந்தவர். மாலுமிகளே முகம் சுளிக்கிற அளவுக்குத் தேவதூஷணம் பேசினவர். அவர் மனந்திரும்பிப் போதகரானார். கிருபையைப் பற்றி அவர் எழுதின பாட்டை உலகமே பாடுகிறது. வில்லியம் கூப்பர் கவிஞர், சாது, முயல் வளர்த்தவர். இருவரும் சேர்ந்து எழுதின ஞானப்பாட்டுப் புத்தகம் 1779இல் வந்தது. ஆனால் 1773இலேயே ஒரு கனவில் 'நீ அழிந்தாய்' என்ற குரலைக் கேட்ட கூப்பர், தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டி ஆராதனைக்குப் போவதையே விட்டுவிட்டார். 1800இல் சாகும்வரை அந்த நம்பிக்கையின்மை தீரவில்லை.

மனிதர்களை விலங்கிட்டு விற்றவருக்கு மன்னிப்பு கிடைத்த நிச்சயம். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவருக்கு இல்லை என்ற நிச்சயம். பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள், ஒரே வேதத்தைப் படித்தார்கள். பயத்தின் அளவுக்கும் பாவத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

மோட்சப் பயணம் எழுதின ஜான் பனியனும் இந்தச் சேற்றில் கிடந்தவர்தான். 1666இல், சிறையில் இருந்த காலத்தில் வெளியிட்ட தன் வரலாற்றில் சொல்கிறார்: "நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு பழுத்த விசுவாசியிடம் போய்ச் சொல்ல, அவர் "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்றாராம். என்ன மனுஷர்!

ஜூன் 7, சனி

பாஸ்டர் ஐயாவைக் கூப்பிட்டுப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. "பயப்படுகிறவன் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை, அந்தப் பயமே அத்தாட்சி, அதைச் சொல்லுங்கம்மா" என்றார். எல்லோரும் சொல்கிற பதில். உண்மையான பதிலும்கூட. கடைசி மூச்சுவரை மனந்திரும்ப மறுப்பதுதான் அந்தப் பாவம் என்று பழங்காலப் பேராயர் அகஸ்டின் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. வேதத்திலேயே இதைவிடக் கடினமான கேள்வி ஒருவேளை இருக்காது என்று சொல்லிவிட்டு அவர் அந்த முடிவுக்கு வருகிறார்.

"ஐயா, அது போதாது" என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான் வந்துவிட்டது. அந்தப் பதிலை நானும் பதினைந்து வயதில் எங்கோ படித்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், "இன்று எனக்குப் போதுமான அளவு பயம் இருக்கிறதா?" என்று சோதிக்க ஆரம்பித்தேன். பயம் குறைந்தால் ஐயோ, இருதயம் கடினப்பட்டுவிட்டது. அதனால் பயத்தை நானே ஊதி ஊதி வளர்த்தேன்.

இயேசு சபையைத் தொடங்கின இக்னேஷியஸ் லயோலாவும் 1522 வாக்கில் ஸ்பெயினின் மன்ரேசாவில், முன்பு செய்த பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுச் செத்துப் பிழைத்தார். மிகத் தெளிவாக இருப்பதைத் தவிரப் பழையதைச் சொல்லாதே என்று பாவசங்கீர்த்தனம் கேட்டவர் கட்டளையிட்டார். எல்லாமே தெளிவாகத்தானே இருக்கிறது என்று இக்னேஷியஸ் மறுபடியும் தவித்தார்! இந்தத் தவிப்புக்கு லத்தீனில் வைத்த பெயருக்குக் கூரான சிறு கல் என்று அர்த்தம். காலணிக்குள் மாட்டின கல்.

இன்று மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்கிறார்கள். யாருடைய மனதிலும் கண்டபடி எண்ணங்கள் வந்து போகும். இவர்களுக்கு, எதை மிக உயர்வாக மதிக்கிறார்களோ அதைத்தான் அந்த எண்ணம் தாக்கும். ஆறுதல் சொல்லச் சொல்ல அந்த ஆறுதலே அடுத்த சடங்காகிவிடும்.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளையோட அம்மாகிட்ட பேசினீங்களா?" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு, பெந்தெகொஸ்தே

வகுப்பில் முழுக் கதையையும் சொன்னேன். யார் சொன்னார்கள், யார் எதிரில் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த அக்கினி நாக்குப் பையன், "அப்போ அந்த வேதபாரகர் எல்லாம் நரகமா டீச்சர்?" என்றான். 23ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். 'அவர் அவர்களை அழைத்து' என்று இருக்கிறது. கைகழுவிவிட்டவர்களை யாராவது கூப்பிட்டு உட்கார வைத்து உவமை சொல்வார்களா? எச்சரிக்கிறார் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்த பேதுரு யார் என்றும் கேட்டேன். ஏழு வாரத்துக்கு முன்னால் சபித்துச் சத்தியம்பண்ணி, அந்த மனுஷனை அறியேன் என்றவன்.

வகுப்பு முடிந்ததும் அவள் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் நின்றாள். நான் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. பழைய வேதாகமத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "உன் வயசுல நான் ஒட்டினது. அந்த வார்த்தை எனக்கும் தானா வந்துச்சு."

கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட தலைகீழ் எழுத்துகளைப் படிக்கத் தலையைச் சாய்த்தாள். பிறகு, "டீச்சர், மத்தேயுவிலயும் இருக்கே, அதை ஒட்டலையா?" என்றாள்.

"மறந்துட்டேன்மா."

சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே உதடு மறுபடி அசைந்தது. "எத்தனை தரம் சொல்லணும்?" என்று கேட்டேன். "பன்னிரண்டு" என்றாள். இதுவரை யாரும் அவளை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது; கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் நான் பேசட்டுமா என்றேன். தலையாட்டினாள்.

ஜூன் 9, திங்கள்

அம்மாவிடம் பேசினேன். "நிறைய ஜெபிக்கிறாள்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன் டீச்சர்" என்று அழுதார். இது விசுவாசக் குறைவு இல்லை என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது சொல்லவில்லை.

மனநல ஆலோசகரிடம் வியாழன் மாலை 5 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. மூன்று பேருமாகப் போகிறோம்.