பழைய இரும்பு, புது ரொட்டி: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய பொருள் கடையில் பாத்திரக் குவியலைக் கிளறப் போகும்போது பையில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: ஒரு சின்னக் காந்தம், டார்ச், அளவு நாடா. கறுத்துப் போன சட்டி வார்ப்பிரும்பா அலுமினியமா என்று காந்தம் சொல்லிவிடும். அலுமினியத்தில் ஒட்டாது.

வார்ப்பிரும்புச் சட்டியை வாங்கும் முன் கைப்பிடியை ஒரே விரலில் தொங்கவிட்டு, விரல் மூட்டால் விளிம்பில் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போல நீண்டு ஒலித்தால் முழுச் சட்டி. 'தொப்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சூட்டில் அது விரியும். அடுத்து சமதளத்தில் வைத்து விளிம்பை அழுத்திப் பார்ப்பது. ஆடினால் அடிப்பகுதி வயிறு தள்ளியிருக்கிறது. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புக்கு அது உதவாது, ஓவனுக்குள் மட்டும் வைப்பதென்றால் குற்றமில்லை.

துருவைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் பலர். மேல்துரு ஒரு நாள் வேலைதான். பயப்பட வேண்டியது ஈயத்துக்கு. தூண்டில் குண்டு வார்ப்பதற்குப் பழைய சட்டிகளில் ஈயம் உருக்கியவர்கள் உண்டு. உட்புறத்தில் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பளபளக்கும் மென்மையான திட்டு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை வீட்டில் முழுதாக நீக்க வழியில்லை. எனாமல் பாத்திரத்தின் உட்புறம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தாலும் அப்படித்தான், பெயர்வது கண்ணாடி.

கண்ணாடி ஓவன் பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. பைரெக்ஸ் 1915இல் விற்பனைக்கு வந்தபோது போரோசிலிகேட் கண்ணாடி, திடீர்ச் சூட்டு மாற்றத்தை நன்றாகத் தாங்குவது. பின்னாளில் அதே பெயரில், அந்த அளவுக்குத் தாங்காத சோடா சுண்ணாம்புக் கண்ணாடியும் வந்தது. கையிலிருப்பது எதுவானாலும் குளிர்பெட்டியிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்காமலிருப்பது நல்லது.

ஏப்ரல் 7, திங்கள்

துரு நீக்கும் நாள். 26 செ.மீ. சட்டி, உள்ளும் புறமும் செம்பழுப்பு.

முதலில் கம்பிநாரால் காய்ந்த துருவைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, சட்டி முழுதும் மூழ்கும்படி வைப்பது. இங்கேதான் பெரும்பாலான சட்டிகள் கெடுகின்றன: ராத்திரி ஊறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வினிகருக்குத் துரு தீர்ந்ததும் அடுத்த இரை இரும்புதான். மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகிவிடும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேய்த்துப் பார்த்து, துரு போனதும் நிறுத்திவிட வேண்டும். அரை மணியில் தீரும் சட்டியும் உண்டு, நான்கு மணி நேரம் கேட்பதும் உண்டு.

எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். 'கொஞ்சம் கழித்து' என்று சொன்னால் போச்சு. பத்து நிமிடத்தில் மஞ்சள் துரு பூத்துவிடும். அப்படிப் பூத்தாலும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும், திரும்ப ஊறவைக்கத் தேவையில்லை.

பழைய எண்ணெய்க் கரி தார் போல ஏறியிருந்தால் வினிகர் ஒன்றும் செய்யாது. அதற்குக் காஸ்டிக் சோடா உள்ள ஓவன் கிளீனர் வேண்டும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். இதை அலுமினியத்தில் மட்டும் போட்டுவிடக் கூடாது, உலோகத்தையே தின்றுவிடும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சட்டியைப் பழக்குதல். சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு பிணைந்த வழவழப்பான படலமாக மாறுகிறது, நடப்பது இவ்வளவுதான். சூரியகாந்தி எண்ணெய் போதும். ஆளி விதை எண்ணெயைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள்; கறுப்பாகப் பளபளப்பது உண்மைதான், ஆனால் சில மாதத்தில் செதில் செதிலாகக் கழலும்.

சட்டி லேசாகச் சூடாக இருக்கும்போது உள்ளும் புறமும் கைப்பிடியிலும் எண்ணெய் தேய்த்துவிட்டு, தவறுதலாகத் தேய்த்துவிட்டது போல உலர்ந்த துணியால் அவ்வளவையும் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. ஓவனில் கவிழ்த்து வைத்து 240 டிகிரியில் 1 மணி நேரம், பிறகு ஓவனுக்குள்ளேயே ஆறவிடுவது. இதை நான்கு முறை செய்தால் அடித்தளம் அமையும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் இரண்டில் ஒன்று: எண்ணெய் அதிகம், அல்லது சூடு குறைவு. பெரும்பாலும் முன்னதுதான். எண்ணெய் தடவாமல் இன்னொரு மணி நேரம் சூடேற்றினால் சரியாகும்.

ஏப்ரல் 10, வியாழன்

தகர ரொட்டி டின்னை மேலே சொன்னபடி பழக்கக் கூடாது. அதன் மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியில் உருகும். 200 டிகிரியில் ரொட்டி சுட்டால் ஒன்றும் ஆகாது. மூலைகள் மடித்துச் செய்யப்பட்டவையா, பற்றவைத்தவையா என்று பார்க்க வேண்டும். பழைய பற்றாசில் ஈயம் இருக்கலாம். மடித்தது மட்டுமே சமையலுக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

பழைய பாத்திரத்தில் சுட்டது சரியாக வரவில்லை என்றால் பழி எப்போதும் செய்முறை மேல் விழுகிறது. உண்மையில் அந்தப் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். இன்று முழுதும் அளவு வேலை.

தராசில் டின்னை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர். மடித்த மூலை ஒழுகினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து ஊற்றலாம். இந்த டின் 1,720 மிலி. வெள்ளை ரொட்டிக்கு இதில் பாதி எடையுள்ள மாவு, அதாவது பிசைந்தது சுமார் 860 கிராம். கேக் கலவை என்றால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மேல் வேண்டாம்.

வட்ட டின்களில் கண் ஏமாற்றும். 20 செ.மீ. டின்னின் பரப்பு 314 சதுர செ.மீ., 23 செ.மீ. டின்னுக்கு 415. மூன்றே செ.மீ. வித்தியாசம், ஆனால் மாவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். 20 செ.மீ. வட்டத்துக்கு நெருங்கிய சதுரம் 18 செ.மீ., 20 அல்ல.

சுருள்வில் தராசு அழகுக்கு வாங்கியதானாலும் சோதித்துவிடலாம்: வெறும் பாத்திரத்தை ஏற்றி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் திருகி, 250, 500, 1,000 மிலி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. மூன்றிலும் பிழை ஒரே விகிதத்தில் இருந்தால் கணக்கிட்டுப் பயன்படுத்தலாம். முள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றால் அலமாரிக்குத்தான். ஈஸ்ட்டையும் உப்பையும் இதில் நிறுக்கவே வேண்டாம்.

கறுத்த டின் சூட்டை அதிகம் வாங்கும், ஓரம் சீக்கிரம் கருகும். 10 முதல் 15 டிகிரி குறைக்கலாம். கனமான இரும்பில் வேறு சிக்கல்: ஓவனை விட்டு வெளியே எடுத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். இரும்பில் சுட்ட கேக்கை இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக எடுப்பதே வழக்கமாக இருக்கட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

கோடையில் ரொட்டி. மைதா 500 கிராம், தண்ணீர் 330, உப்பு 10, எண்ணெய் 15, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. குளிர்காலத்தில் 5 கிராம் போடும் ஈஸ்ட்டை இப்போது குறைத்தே ஆக வேண்டும்.

அதைவிட முக்கியம் தண்ணீரின் வெப்பம். பிசைந்து முடித்ததும் மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 25ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறை வெப்பத்தையும் உலர் மாவின் வெப்பத்தையும் பிசைவதால் ஏறும் சூட்டையும் கழிக்க வேண்டும். இன்றைய கணக்கு: 75இல் அறை 33, மாவு 31, கையால் பிசைய 3 போனால் மீதம் 8. எட்டு டிகிரித் தண்ணீர், அதாவது குளிர்பெட்டித் தண்ணீரேதான். 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று எழுதியிருக்கும் செய்முறை குளிர் அறைக்கு எழுதப்பட்டது. அதை அப்படியே கோடையில் செய்தால் ஒரு மணிக்குள் மாவு பொங்கி, புளித்த வாடையோடு அமுங்கும்.

எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதைக் கடிகாரத்திடம் கேட்காமல் மாவிடம் கேட்பதற்கு ஒரு வழி: பிசைந்த மாவில் 40 கிராம் கிள்ளி, நேர்ச்சுவருள்ள சின்னக் கண்ணாடிக் குவளையில் அழுத்தி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, பெரிய மாவின் பக்கத்திலேயே வைத்துவிடுவது. இரண்டு மடங்கு ஏறியதும் முதல் கட்டம் முடிந்தது. டின்னில் அடைத்த பிறகு விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி எழ வேண்டும். உடனே எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழவே இல்லை என்றால் தாண்டிவிட்டது. அப்போது ஓவனில் வைக்காமல் காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டி அடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

200 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். நடுவில் குத்திய வெப்பமானி 94 காட்டினால் எடுக்கலாம். டின்னிலிருந்து உடனே கம்பித் தட்டுக்கு மாற்றாவிட்டால் அடி வியர்த்துவிடும்.

ஏப்ரல் 18, வெள்ளி

ரொட்டியின் மேல்தோல் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் கிழிந்திருந்தால்: டின்னில் பொங்கவிடும் இரண்டாம் கட்டம் போதவில்லை. நடு குழிந்து, ஓரங்கள் உள்வாங்கியிருந்தால்: அதிகம் வைத்தது, அல்லது உள்ளே வேகாமல் எடுத்தது. வெட்டிய இடம் கோந்து போல ஒட்டினால் சூடாக இருக்கும்போதே வெட்டியிருக்கலாம்.

ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைப்பது மிச்சம் பிடிப்பது போலத் தோன்றும். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி, ரொட்டி பழசாகிறது. ஒன்று வெளியே, இல்லையென்றால் உறைபெட்டியில்.

ஏப்ரல் 24, வியாழன்

பழைய பொருள் கடைகளில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இருக்கும் போட்டி கையெழுத்துச் செய்முறை அட்டைகளுக்கு இல்லை. எனக்கென்னவோ அவைதான் குவியலிலேயே நல்ல சரக்கு. ஆனால் மொழிபெயர்க்காமல் அவற்றிலிருந்து சமைக்க முடியாது.

எந்த நாட்டு அட்டை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்க கப் சுமார் 237 மிலி, மெட்ரிக் கப் 250. அமெரிக்க பைன்ட் 473, பிரிட்டிஷ் பைன்ட் 568. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மிலி, மற்ற இடங்களில் 15. 'காஸ் மார்க் 4' (எரிவாயு ஓவனின் சூட்டு எண்) என்றிருந்தால் பிரிட்டிஷ் அட்டை, 180 டிகிரி. 'மிதமான ஓவன்' என்றால் அதுவும் ஏறக்குறைய 180தான்.

'பால், ஒரு கரண்டி சோடா' என்று மட்டும் இருந்து, புளிப்பு எதுவும் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். அன்றைக்குப் பால் என்று எழுதியது புளித்த பாலாக இருந்திருக்கும். இன்றைய புதுப் பாலை ஊற்றினால் சோடா வேலை செய்யாமல் கேக்கில் சோப்பு வாடை நிற்கும். மோர் ஊற்றலாம்; அல்லது 240 மிலி பாலில் 15 மிலி வினிகர் கலந்து பத்து நிமிடம் வைக்கலாம்.

மே 1, வியாழன்

பயணத்துக்குச் சுடுவதில் விதி ஒன்றே: ஈரம் குறைந்தது கெடாது. கிரீம், கஸ்டர்ட், சீஸ் ஐசிங் வைத்தவை குளிர் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 32 டிகிரிக்கு மேலான வெயிலில் 1 மணி நேரம்தான்.

நீண்ட வழிக்கு இருமுறை சுட்ட பிஸ்கட். பிஸ்கட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கே 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருள். மைதா 250 கிராம், சர்க்கரை 150, முட்டை 2, பேக்கிங் பவுடர் 4, உப்பு 2, வறுத்த பாதாம் 120. வெண்ணெய் இல்லை என்பதே இதன் ஆயுள் ரகசியம். 25 செ.மீ. நீளத்தில் இரண்டு கட்டைகளாக உருட்டித் தட்டி, 170 டிகிரியில் 28 நிமிடம். 15 நிமிடம் ஆறவிட்டுப் பல்கத்தியால் 12 மி.மீ. கனத்தில் வெட்டுவது. சூட்டோடு வெட்டினால் உதிரும், முழுதும் ஆறினால் கட்டை போலாகிச் சிதறும். பிறகு 150 டிகிரியில் பக்கத்துக்கு 12 நிமிடம்.

ஷார்ட்பிரெட் கணக்கு எளிது: மைதா 300, வெண்ணெய் 200, சர்க்கரை 100. வெயில் நாளில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும், அப்புறம் ஓவனில் பரவிப் போகும். தட்டில் அழுத்தியபின் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, முள்கரண்டியால் குத்தி, 155 டிகிரியில் 45 நிமிடம். சூடாக இருக்கும்போதே துண்டு போட்டுவிட வேண்டும்.

மே 3, சனி

பழைய தகர டப்பா இப்போதுதான் தன் வேலைக்கு வருகிறது. மொறுமொறுப்பானதையும் மெத்தென்றதையும் ஒரே டப்பாவில் போட்டால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய் இரண்டும் கெடும். அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர், மேலே கசக்கிய காகிதம். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. எதையும் முழுதாக ஆறாமல் மூடக் கூடாது.

மே 7, புதன்

மலையில் தங்குமிடம், அங்கே ஓவன் இருக்கிறது என்றால் கணக்குகள் மாறும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது, காற்றழுத்தம் குறைவு. கேக் விறுவிறுவென ஏறி, உறுதிப்படும் முன்பே அமுங்கும். பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டிக்கு கால் தேக்கரண்டி குறைத்து, ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூட்டி, சூட்டை 10 டிகிரி ஏற்ற வேண்டும். ரொட்டி சீக்கிரம் பொங்கும். குவளையில் கிள்ளி வைக்கும் மாவு இங்கேதான் கைகொடுக்கும்.

மே 12, திங்கள்

வழியில் வாங்கிய இரும்பைக் கொண்டு வருவது. வார்ப்பிரும்பு வளையாது, விழுந்தால் உடையும். முதலில் போவது கைப்பிடி. கைப்பிடியைத் தனியாகத் துண்டால் சுற்றி, பிறகு முழுச் சட்டியையும் பயணப் பெட்டியில் துணிகளுக்கு நடுவில், சக்கரங்கள் இருக்கும் பக்கமாக வைப்பது. இரண்டு சட்டி என்றால் நடுவில் அட்டை. கடல் பக்கம் வழியாக வந்தால் கிளம்பும் முன் மெல்லிசாக எண்ணெய் தடவிவிட வேண்டும், உப்புக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும். பிளாஸ்டிக் பையில் மட்டும் இறுக்கிக் கட்டக் கூடாது. நாளிதழ் போதும்.